ஞாயித்துக்கிழமைன்னா லீவாம்!

...லீவா? ஞாயித்துக்கிழமை லீவுன்னு, பாஷை தெரியாத இந்த ஊருக்கு நம்மள அனுப்புன அந்த ஆபீஸ்ல சொன்னாங்க, நீயும் நம்பிட்டியாக்கும்! பெட்டிய அந்தக் கட்டில் மேலயே வைம்மா, அலமாரிக் கதவு தொட்டா கையோட வந்துடும்... ஆங், என்ன சொன்னேன்? லீவு!

திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் முப்பது பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லிக்குடுக்கறேன். தொண்டு, சம்பளம் கிடையாது. அதுகூட சுகம்மா. ஞாயித்துக்கிழமைதான் இடுப்பு ஒடியுது. காலைல ஆறு மணிக்கு பஸ் டிரைவரும் அவர் சம்சாரமும் வந்து கதவத் தட்டுவாங்க. மலை ஏறணுமாம்! மேல என்ன இருக்குங்கறே? இறங்குற வழிதான் இருக்கு. மத்தியானம், ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்காரர் வீட்ல சாப்பாடு. தட்டு காலியானா அவங்களுக்கு மனசு தாங்காது, மறுபடி ரொப்பிடுவாங்க. மிச்சம் வெச்சா மூஞ்சி தொங்கிடும். சாயங்காலம் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் செஸ் போர்டோட காத்துக்கிட்டிருப்பார். ஒரு காய நகத்த அரை மணி நேரம்! நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் குதிரை அங்கயே நிக்கும்.

சிரிக்கிறியா? சிரி, சிரி. வந்த முதல் மாசம் என்னைப் பாத்திருக்கணும் நீ. நாலு ஞாயித்துக்கிழமை... இதே ரூம், இதே சுவரு. சுத்தமா இருந்த பெட்ஷீட்டையே நாலு வாட்டி துவைச்சேன். வீட்டுக்காரர் போன்ல "எப்படி இருக்கே?"ன்னா, "எனக்கென்ன, ஒரே ஜேஜேன்னு இருக்கு"ம்பேன். போன வெச்சுட்டு அழுவேன்.

அஞ்சாவது வாரம் கீழ இருக்கே பேக்கரி, அங்க போனேன். பசியெல்லாம் இல்ல. மனுஷ மூஞ்சி பாக்கணும், அவ்ளோதான். பேக்கரிக்காரம்மா ஏதோ கேட்டாங்க. "எனக்கு இன்னைக்கு வேலை இல்ல"ன்னு அவங்க பாஷைலயே சொல்லிப் பாத்தேன். அவ்ளோதான்! அந்தம்மா கண்ணு கலங்கி, ஓடி வந்து கட்டிக்கிட்டாங்க. என் புடவையெல்லாம் மாவு. என்னன்னா, அந்தப் பாஷைல 'வேலை'க்கும் 'உறவு'க்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசமாம். எனக்கு உறவே இல்லேன்னு சொல்லி வெச்சிருக்கேன்! பொழுது சாயறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சதும்மா இந்த மலையும் சாப்பாடும்.

மூணு மாசம் கழிச்சு கிளாஸ்ல ஒரு பொண்ணு அந்த வார்த்தையத் திருத்தினா. அப்பவே போய் சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. ஆமா, சொல்லல! சொல்லிட்டு மறுபடி தனியா உக்காந்து பெட்ஷீட் துவைக்கவா?

இப்ப பாரு, வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வர்றார். ஆறடி ஆளு, எங்க ஒளிக்கறது? உன் பெரியப்பான்னு சொல்லிடலாமான்னு கூட நினைச்சேன்... பயப்படாதே, வேண்டாம்! நேத்து பேக்கரிக்குப் போய் உண்மைய உடைச்சுட்டேன். "மன்னிச்சுக்கோங்க, எனக்குப் புருஷன் இருக்கார், ரெண்டு பசங்க, ஒரு மருமக"ன்னு. அந்தம்மா ரொட்டிய அடுக்கிக்கிட்டே "தெரியுமே"ங்கறாங்க!

எப்படின்னா, நான் போன்ல கத்தறது தினமும் ஜன்னல் வழியா கீழ கேக்குதாம். "பாஷை புரியலேன்னா என்ன, புருஷன திட்டுற தொனி எங்களுக்குத் தெரியாதா?"ங்கறாங்க.

"அப்புறம் ஏங்க என்னை வாராவாரம் கூப்பிட்டீங்க?"ன்னேன்.

"ஒரே ஒரு பன்னு வாங்கிட்டு ஒரு மணி நேரம் நின்னியே. உன்னை வேற என்ன பண்றது?"ன்னாங்க.

நேத்தும் ஒரே ஒரு பன்னுதான் வாங்கினேன். ஒரு மணி நேரம் நின்னேன், பாத்துக்கோ!

இப்ப வீட்டுக்காரரையும் மலைக்குச் சேத்தாச்சு. அந்த மனுஷன் வாசலுக்குப் போய் பால் பாக்கெட் எடுக்கறதுக்குள்ள ரெண்டு இடத்துல உக்காருவார்... ஏம்மா? ஏய்... இங்கதானே பெட்டியத் திறந்துக்கிட்டிருந்தா? அடிப்பாவி, ஜன்னல்ல எட்டிப் பாத்தா கீழ பேக்கரி வாசல்ல நிக்கறா! வந்து அரை மணி நேரம் ஆகல, பாஷையும் தெரியாது, அதுக்குள்ள அந்தம்மாவோட என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?

ஏம்மா! இரு, இரு... நானும் வரேன்!