உராய்வு போக, பத்தே கால்

"உராய்வு போக, அவ பத்தே காலுக்கு இறங்கிருவா மாப்ளே."

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போடியில் குரங்கணி பஸ்ஸுக்காக நின்றபோது முதுகுக்குப் பின்னால் கேட்டது. பௌதிகத்தில் இரண்டு முறை தோற்றவன் நான். கூச்சத்தோடு ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். கல்லூரிப் பையன்கள் இருவர். கண்ணாடி போட்டவனின் நோட்டில் போடிமெட்டு மலைப்பாதை சாய்கோடாகவும், தோட்டத்து ஆட்களை ஏற்றிவரும் ஜீப்பு அதன்மேல் ஒரு புள்ளியாகவும் இருந்தன.

"கொண்டை ஊசி வளைவெல்லாம் எங்கேடா?" என்றான் நண்பன்.

"நிமித்திட்டேன்."

"கை காட்டுற எடத்துலெல்லாம் டிரைவரண்ணே நிறுத்தி ஆள் ஏத்துவாரே?"

"அதைத்தான் உராய்வுல சேர்த்திருக்கேன். நாலு வாரமா குறிச்சு வச்சு எடுத்த மதிப்பு."

"வாராவாரம் சாமான் வாங்க வர்ற புள்ளைக்கு இம்புட்டுக் கணக்கா! இன்னைக்காவது பேசுவியா, மணி பார்த்துட்டுப் போயிருவியா?"

"பேசிருவேன்."

பத்தே காலுக்கு ஜீப்பு வந்தது. என் கடிகாரம் சாட்சி. கடைசி ஆள் இறங்கிய பிறகும் கண்ணாடிக்காரன் வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கணக்கு சரியாத்தான்டா வந்திருக்கு," என்றான் நண்பன், மெதுவாக.

"அவ வருவாங்கிறதை நான் கண்டுபிடிக்கவே இல்லை மாப்ளே. 'கொடுக்கப்பட்டவை'யில எழுதிட்டேன்."

என் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அவன் மலையைப் பார்த்து நின்றான். நண்பன் நோட்டை வாங்கி, அடுத்த ஜீப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.