பதினேழு மணி நேரத் தூரம்

– பதினேழு மணி நேரமா? ஏண்ணா, மேப்புல பாத்தா ஒரு விரக்கடை தூரம்தானே இருக்கு?

– மேப்புல விரக்கடைதான் பாப்பா. நடுவுல மொத்தக் கடலும் கெடக்கே. பறக்குறது என்னவோ பதினோரு மணி நேரம்தான். பாதி வழியில ஒரு ஊர்ல எறக்கிவிட்டுருவான். அடுத்த ப்ளேன் வர்ற வரைக்கும் அங்க தேவுடு காக்கணும்.

– நேரா வர்றது ஒண்ணும் இல்லையா?

– இருக்கு. என் சம்பளத்துக்கு அது றெக்கையக்கூடக் காட்டாது. சரி, அம்மா எப்படி இருக்கு?

– இருக்கு... தூங்குது. நீ பதறாம வந்து சேரு.

– ஏர்போர்ட்ல உக்காந்துக்கிட்டு பதறாம எப்படி இருக்குறது? போன அம்மா காதுல வை. ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்.

– வேணாம்ணா. இப்பதான் கண்ணசந்துச்சு.

– எழுப்பாத. சும்மா காதுகிட்ட வை. என் குரல் கேட்டாப் போதும்.

– சரி... வெச்சுட்டேன். பேசு.

– அம்மா, நான்தாம்மா, உன் பெரியவன். டிக்கெட்டு கையில இருக்கு. நாளைக்கு உன் முன்னாடி வந்து நிப்பேன் பாரு. நீ எதையும்... பாப்பா!

– என்னண்ணா?

– அது என்ன உர்ருனு சத்தம்?

– ஃபேனு.

– ஃபேன் இப்படியா உறுமும்?

– பக்கத்து வீட்டு ஏசியா இருக்கும்.

– அடியேய், ஒம்பது வருஷமா கம்ப்ரசரோட குடித்தனம் நடத்துறவன் நான். யார்கிட்ட கத விடுற? அம்மாவ ஐஸ் பெட்டியிலயா வெச்சிருக்க?

– அண்ணா...

– எப்ப போச்சு?

– விடியக்காலைல. என் மடியிலதான். சொன்னா அவ்வளவு தூரமும் ஒத்தையா அழுதுக்கிட்டே வருவியேன்னு மாமாதான் சொல்லவேணாம்னாரு. முதுகத் தடவிக் குடுக்கக்கூட அங்க உனக்கு ஆள் இல்லையேண்ணா.

– அழாத. நான் சொல்றதக் கேளு. அந்த மோட்டாரு மூச்சு வாங்குது. உள்ள குளிரே ஏறியிருக்காது. நாளைக்கு வரைக்கும் தாங்காது பாப்பா. இன்னைக்கே எடுத்துருங்க.

– வாயக் கழுவு! வேற பெட்டி கொண்டாரச் சொல்றேன். அம்மா கடைசியாக் கேட்டதே, பெரியவனுக்கு டிக்கெட்டு கெடச்சிருச்சான்னுதான். கெடச்சிருச்சும்மான்னு சொன்னதும் சிரிச்சுதுண்ணா. அதுக்கப்புறம் வாயே தொறக்கல. நீ வந்து முகத்தப் பாக்காம யாரு தூக்க வந்தாலும் குறுக்க படுத்துருவேன்.

– எனக்காகக் காத்திருக்காத.

– ஏன் காத்திருக்கக்கூடாது? ஏர்போர்ட்டுக்கு வந்துட்டல்ல? இனி பதினேழு மணி நேரம்தானே?

– டிக்கெட்டு கெடச்சிருச்சுன்னு சொன்னா அம்மா எப்படியாவது உசுரப் புடிச்சு வெச்சிருக்கும்னுதான் சொன்னேன் பாப்பா... முதலாளி இன்னும் பாஸ்போர்ட்டே குடுக்கல, நான் ஒர்க்‌ஷாப்லதான் நிக்கிறேன்.