அறுபது வாட் மஞ்சள்

ஏணிய இந்தப் பக்கம் போடுங்க தம்பி, அங்க போட்டா படத்துல இடிக்கும். ஆமா, துணி போட்டு மூடியிருக்கே, அதுதான். என் வீட்டுக்காரி படம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.

ஜன்னலா? பலகை வச்சு அடிச்சு நாப்பது வருசமாச்சு. படம் வரையறவன் வீட்டுல வெளிச்சம் வேணாமான்னு எல்லாரும்தான் கேக்குறாங்க. சூரியன் ஒரு எடத்துல உக்காராது தம்பி. மூக்கு வரையறதுக்குள்ள நிழல் காதுக்குப் போயிடும். பழைய காலத்துப் படங்களப் பாருங்க, மூஞ்சி மட்டும் தெரியும், பின்னால ஒரே இருட்டு. எண்ணெ விளக்கு அவ்வளவு தூரந்தான் எட்டும். அப்புறம் பெயிண்ட டியூப்ல அடைச்சு வித்தான். பையில போட்டுக்கிட்டு எல்லாப் பயலும் வெளிய ஓடினான், படம் பூரா வெயிலாப் போச்சு. என் பங்குக்கு வந்தது குண்டு பல்பு. அறுபது வாட். வச்ச எடத்துல நிக்கும்.

அந்த வெளிச்சத்துல ஒரு அந்தி வரைஞ்சு ஓட்டல்காரர் ஒருத்தருக்குக் குடுத்தேன். மனுசன் அதப் பாத்துட்டு, பொழுது போயிடுச்சுன்னு மூணு மணிக்கே கடையச் சாத்திட்டாரு. இன்னொரு எடத்துல சுவரு பூரா பனிமூட்டம் போட்டேன். போறவன் வர்றவன் எல்லாம் மூக்குக்கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டே போனான், ரெண்டு பேருக்குச் சளி பிடிச்சுது. சிரிக்காதீங்க, ஏணி ஆடுது. சரி, ஒருத்தருக்குன்னு வச்சுக்கோங்க.

குண்டு பல்பு இனிமே கடைக்கு வராதுன்னாங்க, நாலு பெட்டி வாங்கிப் பரண்ல வச்சிருந்தேன். கடைசிப் பல்பு காலையில போச்சு. இருட்டுல ஸ்டூல் தடுக்கி விழுந்தேன்னு வெளியூர்ல இருக்கற மகனுக்கு யாரோ போன் போட்டுட்டாங்க, அவன் வெள்ளை லைட்டு மாட்டச் சொல்லி உங்கள அனுப்பிட்டான். மஞ்சள் எல்இடியா? போன மாசமே வாங்கிப் பாத்தாச்சு. அது மஞ்சள் மாதிரி நடிக்குது. அதுலயும் தெரியுது.

என்ன தெரியுதா? நீங்க கம்பிய முறுக்குங்க, சொல்றேன்.

அவள மூணு மாசம் பல்புக்குக் கீழ உக்கார வச்சு வரைஞ்சேன். அசதியா இருக்குங்க, அந்த ஜன்னலத் திறங்களேன்னா. படம் முடியட்டும்னேன். சோறு எறங்க மாட்டேங்குதுன்னா. வாய அசைக்காதேன்னேன். பாத்த நிறத்த அப்படியே கலந்து வச்சேன் தம்பி. நான் பொய் சேக்காம செஞ்ச வேலை அது ஒண்ணுதான்.

படம் முடிஞ்சு பத்து நாள்ல விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா, ஈரலே போயிடுச்சு, ஏன் இவ்வளவு லேட்டுன்னாங்க. ஒண்ணும் தெரியலயேன்னேன்.

அவ போன மறு வருசம் அந்தப் படத்தக் கண்காட்சிக்குக் கேட்டாங்க. கூடம் பூரா வெள்ளை லைட்டு, இப்ப நீங்க மாட்டுறீங்களே, அதே மாதிரி. பொன் மாதிரி ஒளி, என்னா ஒரு சூழல்னு ஆளாளுக்குக் கையக் குடுத்தாங்க. ஒரு டாக்டரம்மா மட்டும் படத்துக்குக் கிட்ட போய் நின்னாங்க. இவங்களுக்கு மஞ்சக்காமாலை எத்தன நாளா இருந்துச்சுன்னு கேட்டாங்க.

நானும் அப்பத்தான் பாக்குறேன். மொதல்ல வரைஞ்ச கை மாநிறமா, சுத்தமா இருக்கு. அப்புறம் வரைஞ்ச கழுத்துல லேசா மஞ்சள். கடைசியா வரைஞ்சது கண்ணு. எலுமிச்சம்பழம் தம்பி.

மஞ்சள் பல்புல அது தெரியாதாம். பகல் வெளிச்சத்துலதான் கண்ண இழுத்துப் பாப்பாங்களாம். ஜன்னலத் திறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு அந்தம்மா சொல்லல. அவங்களுக்கு என்ன தெரியும், பலகை அடிச்சது.

தூக்கிட்டு வந்து இங்கயே மாட்டுனேன். என் குண்டு பல்புல அவளுக்கு ஒண்ணுமில்ல. பதினோரு வருசமா நல்லாத்தான் இருந்தா, இன்னிக்குக் காலை வரைக்கும்.

முடிஞ்சுதா? சரி, ஸ்விட்சப் போடுங்க. துணி வெலகாம இருக்கான்னு மட்டும் ஒரு தடவ பாத்துக்கோங்க.