கண்ணில் கறுப்புக் கோடு போட்ட பஞ்சுருட்டானும் நம் பல் டாக்டரும்

மேடையை நிறைத்திருக்கும் பறவைக் கழகப் பெரியோர்களே! கண்ணீரோடு வந்திருப்பவர்களே! கண்ணீர் இல்லாமல் வந்திருப்பவர்களே, உங்களையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்!

நம் கழகத் தலைவர், பல் மருத்துவச் செம்மல், என் தங்கையின் கணவர் போய்விட்டார். நீலவால் பஞ்சுருட்டானை இந்த ஊருக்கு அடையாளம் காட்டியவர் யார்? அவர்! அவருக்குக் காட்டியவர் யார்? அதை நானே சொன்னால் நன்றாயிராது.

பச்சை உடம்பு, செம்பழுப்புத் தொண்டை, நீல வால். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. கடல் கடந்து வந்து, ஆற்றோர மண்கரையில் பொந்து தோண்டிக் குஞ்சு பொரிக்கும். தேனீயைப் பிடித்தால் கம்பியில் அடித்து, கொடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் விழுங்கும். என்ன சாமர்த்தியம்!

தேனீப்பெட்டிக்காரர் சண்டைக்கு வந்தார். "டாக்டர், திருட்டு மூஞ்சி அதுக்கு! என் பெட்டியையே காலி பண்ணுது!"

டாக்டர் என்ன செய்தார்? கம்பிக்குக் கீழே பறவை கக்கிய உருண்டைகளைப் பொறுக்கி, பல் குத்தும் ஊசியாலேயே பிரித்தார். தட்டில் பூச்சிக் காலைப் பார்த்து, வாயைத் திறந்தபடியே ஓடிய நோயாளிகள் ஆயிரம் பேர்!

"தேனீயும் இருக்குங்க. உங்க பெட்டியக் கொள்ளையடிக்கிற குளவியும் இருக்கு."

"குளவிய நீங்களே போட்டிருந்தா?"

நான் துள்ளி எழுந்தேன். "தேனீயை அது தொடவே தொடாது! நானே பாத்தேன்!"

டாக்டர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "சும்மா இருங்க மச்சான். தேனீயும் திங்குதுன்னு ஒத்துக்கிட்டாத்தான் குளவிய நம்புவாங்க."

அப்பேர்ப்பட்ட மனிதரை நேற்று அடக்கம் செய்தோம். எல்லோரும் வந்தோம், தேனீப்பெட்டிக்காரர் வரவில்லை. இன்று காலை கரைக்குப் போனேன். பொந்துகளை யாரோ ஈரக் களிமண்ணால் அடைத்திருக்கிறார்கள்! உள்ளே குஞ்சுகள்! வெளியே தாய்ப்பறவைகள் இரையோடு கதறுகின்றன! கையில் கிடைத்த குச்சியால் முடிந்தவரை தோண்டினேன், மேல்வரிசை எட்டவில்லை. ஏணி தேடி ஊரெல்லாம் அலைந்துவிட்டு இங்கே ஓடிவந்தால், வாசலில் பெட்டிக்காரர் நிற்கிறார், முழங்கை வரை சேறு.

"கையில என்னய்யா?"

"மேல் வரிசையத் தோண்டிட்டு வரேன் அண்ணே. அடைச்சது நான் இல்ல."

நம்பலாமா? எனக்கு நம்பிக்கை இல்லை! அடைத்த கைக்கும் சேறு, திறந்த கைக்கும் சேறு. ஆனால் என் மாப்பிள்ளை, உருண்டையைப் பிரிக்காமல் ஒரு பறவையைக்கூடக் குற்றவாளி என்றதில்லையே!

ஆகவே தலைவர்மேல் ஆணை: கழகம் இனி அந்தக் கரையைக் காக்கும். காவல் இப்போதே தொடங்குகிறது. எழுந்திரும், பெட்டிக்காரரே, என்னோடு வாரும். மேல்வரிசைப் பொந்துக்குள் பறவை இரையோடு நுழைந்தால், இதே சபையில் உம் சேற்றுக் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பேன். நுழையாவிட்டால்...

முதலில் பார்ப்போம். நடங்கள்.