மேல் ஃபைலில் ஒரு வரி

என் பெயர் ஹாரியட் லாம்சன். வயது 63. வெர்மாண்ட் மாநிலம், ஃபெர்ன் ஹாலோ, மில் சாலை, 18ஆம் எண் வீட்டில் வசித்து வருகிறேன். பத்தொன்பது ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். அதன்பிறகு, பனிச்சறுக்கு மலைகளின் ரோப் கார்களுக்குச் சாஃப்ட்வேர் செய்யும் நிறுவனத்தில் பில்ட் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும், அந்தத் துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கரும் எந்த ஆப்ஷன்களோடு அதைக் கையாள வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அவை கோத்துத் தரும் முழு சாஃப்ட்வேரைத்தான் பில்ட் என்போம்.

சென்ற 11.2 அன்று காலை மேலாளர் வின்ஸ் என் மேசைக்கு வந்து, "ஹாரியட், திரையில வேகக் கோடு திக்கித் திக்கி வருது. மலைக்காரங்க சிரிக்கிறாங்க. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிடுங்க" என்றார். நான் கணக்குகளை விரைவாக்கும் ஆப்ஷன் ஒன்றைச் சேர்த்தேன். வருவதெல்லாம் ஒழுங்கான எண்தான் என்று கம்பைலரை நம்பச் சொல்லும் ஆப்ஷன் அது. திரைப் பகுதியின் ஃபைலில் எழுத வேண்டிய வரியை, கவனிக்காமல், எல்லாப் பகுதிக்கும் பொதுவான மேல் ஃபைலில் எழுதிவிட்டேன். நாங்கள் சோதிப்பது வேக ஆப்ஷன்கள் இல்லாத வேறு பில்டை என்பதால் எல்லாம் தேறியது. அதன்பிறகு, பிரேக் பகுதியை எழுதிய கேலப் தோர்ன் அதை மலைக்கு அனுப்பினார்.

15.2 காலை 10.20 மணிக்கு, வேகம் அளக்கும் கருவியில் பனி உறைந்து எண் வராமல் நின்றது. பிரேக் பிடிக்கவில்லை. ரோப்பில் தொங்கி வரும் நாற்காலி ஒன்று மோதி, கீழ்நிலைய ஊழியர் வாண்டா ப்ரூயிட்டுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவர் கையிலிருந்த காபிக் குவளை உடையவில்லை என்று வின்ஸ் சொன்னார்.

எண் வராவிட்டால் பிரேக் பிடிக்கும் பகுதியே மலைக்கு அனுப்பிய பில்டில் இல்லை என்று மாநிலப் பொறியாளர் எழுதினார். 17.2 அன்று போலீசார் வந்து கேலப்பை விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். என் மேசையைக் கடக்கும்போது அவர், "நான் எழுதினேன் ஹாரியட். நீங்கதானே பக்கத்துல உக்காந்து படிச்சுப் பாத்தீங்க? சொல்லுங்களேன்" என்றார். நான் சொல்லவில்லை.

பில்டைக் கெடுத்தவர் மேசையில் கடமான் கொம்பு தைத்த தொப்பியை வைப்பது எங்கள் அலுவலக வழக்கம். மதியம் அது கேலப்பின் மேசையில் இருந்தது. அதன்பிறகு நான் என் வரியோடு ஒருமுறையும் அதை நீக்கி ஒருமுறையும் பில்ட் செய்தேன். வரி இருந்தால் கேலப்பின் பகுதி இல்லை. நீக்கினால் இருக்கிறது.

"அம்மா, எழுதினது எப்படிக் காணாமப் போகும்?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். எல்லா மாணவர்களும் தினமும் வருவார்கள் என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே அறிவித்துவிட்டால், வராதவர் வீட்டுக்குப் போன் செய்யும் எழுத்தரை யாரும் கூப்பிட மாட்டார்கள். கேலப்பின் பகுதிதான் அந்த எழுத்தர்; கம்பைலர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியது. யாரும் கூப்பிடாதவருக்கு இடம் எதற்கு என்று லிங்கர் அவரை வெளியே அனுப்பியது என்றேன்.

"அப்ப ரெண்டும் உங்க பேச்சைத்தான் கேட்டிருக்கு" என்றார்.

ஆம் என்றேன்.

இரண்டு பில்ட்களையும் மேல் ஃபைலையும் ஒப்படைத்துள்ளேன். வரியைச் சேர்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் உள்ளது. இங்கே வரும் முன் கேலப்பின் மேசையிலிருந்த தொப்பியை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

இதை யாரும் சொல்லச் சொல்லி நான் சொல்லவில்லை. முழுவதும் படித்தேன், நடந்தது இதுவே. வரியை மேல் ஃபைலில் எழுதியதைப் பற்றி அதிகாரி 'தெரியாமல்' என்று எழுதியிருந்த இடத்தை அடித்து, 'கவனிக்காமல்' என்று என் கையால் திருத்தியுள்ளேன்.

(ஒப்பம்) ஹாரியட் லாம்சன்
19.2, காலை 9.40