ஆறு இலக்கப் பூட்டு

— தூக்கத்துல என்னையே எட்டி உதைக்கறவன் நீ. கட்டில் பக்கத்துல உனக்கு எதுக்கு துப்பாக்கி, வெண்டல்?

— கட்டில் மேலயா வைக்கப் போறேன்? பக்கத்து மேசையிலதான. இங்க பாரு கொரீன், ஹால்வர்சனோட கொட்டகைய எவனோ ஒடைச்சு, மரம் அறுக்கற ரம்பத்தத் தூக்கிட்டுப் போயிருக்கான். அவருக்கும் நமக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒரு சோளக்காடு. ஆர்லீன், கடைக்காரங்க நீங்களே சொல்லுங்க. ஒரு மனுஷன் தன் வீட்டக் காப்பாத்த ஒரு கைத்துப்பாக்கி வாங்கக் கூடாதா?

— தாராளமா வாங்கலாம் ராசா. நாப்பது வருஷமா நான் இந்தக் கடையத் தெறந்து வச்சிருக்கறது விக்கத்தானே. ஆனா பன்னண்டு வயசுல என்கிட்ட வேட்டைப் பாடம் படிச்சப்ப ரெண்டு தடவ பரீட்சையில கோட்டை விட்டவன் நீ. அதையும் நான் மறக்கல.

— ஒரு தடவதான்.

— ரெண்டு. ரெண்டாவது தடவ தோட்டாவ எடுக்காமலே துப்பாக்கியோட வேலி தாண்டின. மத்த பிள்ளைங்க முன்னாடி கால்சட்டை கம்பில மாட்டிக்கிச்சு.

— ஒம்பது வருஷமா இந்தக் கதைய என்கிட்ட மறைச்சிருக்கான் பாருங்க. சொல்லுங்க ஆர்லீன், அப்புறம்?

— அப்புறமென்ன தங்கம், நான்தான் போய்ப் பிச்சு எடுத்தேன். இந்தா, காபி குடி. இப்பத்தான் போட்டேன்.

— எனக்கு வேணாங்க.

— அவ இப்பல்லாம் குடிக்கறதில்ல ஆர்லீன். வயித்த என்னமோ பண்ணுதாம். அந்தக் கோப்பையையும் இப்படித் தள்ளுங்க. வர்ற வியாழக்கிழமை பல் டாக்டர் வேற. முப்பத்தெட்டு வயசுல என் பொண்டாட்டி ஒரு பக்கமாத் தேஞ்சுக்கிட்டு வர்றா.

— என் பல்லப் பத்தி நீ பேசாத. இந்தத் துப்பாக்கியப் பத்திப் பேசு. ஆர்லீன், இதுல சுட்டா நம்ம மாதிரி வீட்டுச் சுவரு தாங்குமா?

— எங்க தாங்கும்? அட்டச் சுவரு. குறி தப்புச்சுன்னா தொளச்சுட்டு அடுத்த ரூமுக்குப் போயிரும்.

— அடுத்த ரூம்ல யாரு இருக்கா? தச்சுப்போட்ட கோழிக்கூடு மாதிரி சும்மாத்தான கெடக்கு.

— சும்மா கெடந்தா என்ன? சும்மா கெடக்கற ரூம எதுக்குத் தொளைக்கணும்?

— சரி சரி. சண்டைய நிறுத்திட்டு ரெண்டு பேரும் நான் சொல்றதக் கேளுங்க. வெண்டல், உங்க முன்கதவுல தாழ்ப்பா போய் விழற தகட்ட எந்த ஸ்க்ரூ பிடிச்சிருக்கு?

— கதவோட வந்ததுதான். முக்கா அங்குலம் இருக்கும்.

— ஒரு உதைக்குத் தாங்காது அது. மூணு அங்குல ஸ்க்ரூ போடு, சுவத்துக்குள்ள இருக்கற கட்டை வரைக்கும் எறங்கணும். பின்பக்கம் ஆள் நடமாட்டம் தெரிஞ்சா தானா எரியற லைட் ஒண்ணு. ஜன்னலுக்குக் கீழ முள்ளுச்செடி. இவ்வளவும் பண்ணுனாலே பாதித் திருடன் வேற வீடு பாத்துப் போயிருவான். நாய் வேற இருக்கு உங்களுக்கு.

— யாரு, எங்க மூஸா? அந்தத் திருடன் எங்க வீட்டுக்கு வந்திருந்தான்னா, மூஸ் ரம்பத்தோட மறுமுனைய வாயில கவ்விட்டு அவன் வண்டி வரைக்கும் கொண்டுபோய் வச்சுட்டு வந்திருப்பான்.

— அவன இப்படிப் பேசாத கொரீன். நல்லவன் அவன்.

— அதத்தான் நானும் சொல்றேன். சரி, இப்ப நான் எதுக்கு வந்தேனோ அத சொல்றேன். ஆர்லீன், எங்க வீட்டுச் சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி நிக்குது, தெரியுமா?

— தெரியாம என்ன? வெண்டலோட பாட்டனுக்கு அப்பா காலத்துது. மேல அந்தப் பழைய வேட்டைக் கோட்டு தொங்கும்.

— அதேதான். தோட்டா போட்டபடியே. பூட்டு கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாலு தலைமுறையா நிக்குதாம், தரையில குழி வேற விழுந்திருக்கு. அதப் பூட்டி வைன்னா கேக்க மாட்டேங்கறான். இன்னிக்கு நான் ஒரு இரும்புப் பெட்டி வாங்காமப் போகப் போறதில்ல.

— ஒம்பது வருஷமா கண்ணுக்குத் தெரியாதது இப்ப மட்டும் ஏன் தெரியுது? இங்க பாரு, எங்க தாத்தா கோட்டுல யாரும் கை வைக்க நான் விடமாட்டேன். அது தொங்குற எடத்துலயே தொங்கும்.

— கோட்ட யாரு கேட்டா? உள்ள இருக்கறதத்தான கேக்குறேன்.

— பெட்டியில வச்சுப் பூட்டிட்டா, திருடன் வந்தா என்ன பண்றது? 'கொஞ்சம் நில்லுப்பா, நம்பர் அமுக்கிட்டு வந்துர்றேன், காபி சாப்பிடறியா'ன்னு கேக்கறதா?

— நல்ல பெட்டின்னா நாலு நொடியில தெறக்கலாம் ராசா. உன் கால்சட்டையத் தேடி மாட்றதுக்கு அத விட நேரம் ஆகும்.

— நீங்களும் அவ பக்கம் சேந்தாச்சா? ஆர்லீன், இவ ஒரு மாசமாவே சரியில்ல. போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை மாட்டுக் கொட்டாய்ல இருந்து வர்றேன், சமையக்கட்டுத் தரையில முட்டி போட்டுத் தவழ்ந்துக்கிட்டு இருக்கா. என்னடின்னு கேட்டா தோடு தொலஞ்சுருச்சாம். இவளுக்குக் காதே குத்தல.

— காதுல கவ்விக்கற தோடு. எங்கம்மாவோடது.

— கெடைச்சுதா?

— கெடைக்கல. இப்ப அதுவா முக்கியம்?

— அன்னியில இருந்து அந்தக் கோட்டைக் கண்டாலே இவளுக்கு ஆகல. ஃப்ரிட்ஜ் அந்தக் கதவுக்குப் பக்கத்துலதான். பால் எடுக்கக்கூட மேசைய ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போறா.

— கால் பட்டு விழுந்து வெடிச்சா? அப்பத் தெரியும்.

— இருங்க, இருங்க. வெளிய மூஸ் கத்துறான். போன தடவ இப்படி விட்டதுக்குத்தான் சீட் பெல்ட்டக் கடிச்சு வச்சிருந்தான். அவன எறக்கி ஒரு சுத்து நடக்க வச்சிட்டு வந்துர்றேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் என் வீட்ட வித்துராதீங்க.

— மெதுவாப் போயிட்டு வா ராசா. ஒண்ணும் அவசரமில்ல. போயிட்டான். இப்ப சொல்லு தங்கம், உனக்கு ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கு? இந்த நாற்காலியில உக்காரு.

— உங்களுக்கு மட்டும் சொல்றேன் ஆர்லீன். அவனுக்குத் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணுங்க.

— பண்ணியாச்சு.

— பதினோரு வாரம் ஆகுது.

— அட என் தங்கமே.

— சத்தம் போடாதீங்க. ஜன்னல் வழியாப் பாத்துருவான்.

— நான் எங்க சத்தம் போட்டேன்? எனக்குக் கண்ணுல தண்ணி வந்தா நான் என்ன பண்றது. ஏன் தங்கம், அவன்கிட்ட ஏன் சொல்லல? அவன விட யாரு சந்தோசப்படப் போறா?

— அதான் பயமே. ரெண்டு தடவ கலைஞ்சிருச்சு எங்களுக்கு, உங்களுக்கே தெரியும். ரெண்டாவது தடவ தொட்டில் வரைக்கும் அவனே செஞ்சு முடிச்சுட்டான். மேப்பிள் கட்டையில, மூலையெல்லாம் மழுக்கி, வழவழன்னு. எல்லாம் முடிஞ்சு ஆஸ்பத்திரியில இருந்து வந்து பாத்தா அதப் பிரிச்சுக் கோழிக்கூடு அடிச்சு வச்சிருக்கான். ஒரு வார்த்த பேசல. ரெண்டு மாசம். அந்த முகத்த இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது ஆர்லீன். வியாழக்கிழமை டாக்டர் பாத்துட்டு, நல்லாருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் சொல்லிக்கறேன்.

— பல் டாக்டரு.

— ஆமா. பல் டாக்டருன்னு நாள்காட்டியில எழுதி வச்சிருக்கேன்.

— சரிதான். ஆனா ஒண்ணு சொல்லு. அது பொறந்து, அன்னிக்கு நீ தவழ்ந்து பாத்த மாதிரி தவழ்ந்து, அந்தக் கதவுகிட்ட போறதுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும். பெட்டிக்கு இன்னிக்கே என்ன அவசரம்?

— இன்னிக்கு இவன் கட்டில்கிட்ட இன்னொண்ணு வாங்கி வச்சான்னா, அப்புறம் ரெண்டுக்கும் சேத்து மல்லுக்கு நிக்கணும். அது ஒண்ணு.

— இன்னொண்ணு?

— சிரிக்கக் கூடாது. நான் அதுக்குன்னு இன்னும் ஒண்ணுமே வாங்கல. ஒரு சின்னக் காலுறைகூட இல்ல. வாங்குனா அவன் கண்டுபிடிச்சிருவான், அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா அத எங்க கொண்டுபோய் ஒளிக்கறது? ஆனா ஏதாவது வாங்கணும்னு கை துடிக்குது. கடை கடையா யோசிச்சுப் பாத்தேன். அவனுக்குத் தெரியாம பிள்ளைக்குன்னு வாங்க முடிஞ்சது இந்த இரும்புப் பெட்டி ஒண்ணுதான்.

— கர்த்தரே. ஒரே வீட்டுக்குள்ள இப்படி ரெண்டு பேர வச்சிருக்கீரே.

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல தங்கம். மூக்கச் சிந்து. வர்றான்.

— மூஸ் உங்க வாசல்ல இருந்த பொம்மை மானைப் பாத்துப் பயந்துட்டான் ஆர்லீன். வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு வரமாட்டேன்னுட்டான். என்ன, ஏன் ரெண்டு பேரு கண்ணும் செவந்திருக்கு?

— வெங்காயம்.

— துப்பாக்கிக் கடையிலயா?

— வெண்டல், இங்க வா. பக்கத்துல வா. நான் உன்ன ஒண்ணு கேக்கப் போறேன். சிரிக்காம கேளு. கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல நான் உன்கிட்ட அத வாங்கித் தா, இத வாங்கித் தான்னு கேட்டதில்ல. இந்த ஒண்ணு எனக்காகச் செய். அந்த ரெட்டைக்குழலப் பூட்டி வை. காரணம் மட்டும் கேக்காத.

— சரி.

— என்ன சரி?

— பூட்டிரலாம். காரணம் கேக்கல.

— நீயா? காலையில ரொட்டிய ஏன் இந்தப் பக்கம் மொதல்ல சுட்டன்னு காரணம் கேக்கறவன் நீ.

— கேக்காதன்னு சொன்ன, கேக்கல. ஆர்லீன், பெட்டி ஒண்ணு குடுங்க.

— அதுலதான் ஒரு சிக்கல் ராசா. மான் வேட்டை சீசன் வருதுல்ல, எல்லாம் போயிருச்சு. நல்ல பெட்டி ஒண்ணே ஒண்ணுதான் பின்னாடி ரூம்ல நிக்குது. அதுவும் வித்தாச்சு.

— யாருக்கு வித்தீங்க? நம்ம ஊர்க்காரங்கதான, ஆள் யாருன்னு சொல்லுங்க. நானே போய்க் கேட்டு வாங்கிக்கறேன். காலப் பிடிச்சாவது வாங்கிக்கறேன்.

— அந்தத் திரைய ஒதுக்கிட்டுப் போ தங்கம். பெட்டி மேல சீட்டு ஒட்டியிருக்கும். நீயே படி.

— வெண்டல்.

— சொல்லு.

— இதுல உன் பேரு இருக்கு.

— எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். ஆர்லீன் எழுதுனது.

— அக்டோபர் ஒம்பதுன்னு போட்டிருக்கு. இன்னிக்கு நவம்பர் பதிமூணு. ஆர்லீன், இது உள்ள என்ன இருக்கு?

— சமையக்கட்டு ரெட்டைக்குழல்தான். தோட்டா தனியா மேல்தட்டுல. நீ தரையில தவழ்ந்தத பாத்த மறுநாளே கொண்டுவந்து குடுத்துட்டான். சாவி போட்டு நான்தான் பூட்டி வச்சிருக்கேன்.

— அப்ப வீட்டுல அந்தக் கோட்டுக்குள்ள நிக்கறது?

— படகுத் துடுப்பு.

— துடுப்பா?

— ஒசரம் கொஞ்சம் கூட. அடியில அறுத்துட்டேன்.

— ஒரு மாசமா ஒரு துடுப்புக்குப் பயந்துக்கிட்டா பால் எடுக்க மேசையச் சுத்திக்கிட்டு இருந்தேன்?

— பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. சொல்லிரலாம்னு ரெண்டு தடவ வாயெடுத்தேன்.

— அப்ப காலையில இருந்து என்கிட்ட எதுக்குடா சண்ட போட்ட? பாட்டன், முப்பாட்டன், நாலு தலைமுறைன்னு?

— நான் எதுக்காவது எடுத்த எடுப்புல சரின்னு சொல்லியிருக்கேனா? சொல்லியிருந்தா நீ அங்கயே கண்டுபிடிச்சிருப்ப.

— என்னத்தக் கண்டுபிடிச்சிருப்பேன்? கட்டில்கிட்ட வைக்கற அந்தக் கைத்துப்பாக்கி?

— சும்மா. உன்ன இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு வேற வழி தெரியல. கொரீன், வியாழக்கிழமை பல் டாக்டர்கிட்ட நீ தனியாப் போகாத. நானும் வர்றேன். வெளியில உக்காரச் சொன்னா வெளியில உக்காந்துக்கறேன்.

— வெண்டல், நீ ஏன் இப்படிப் பாக்கற? ஆர்லீன், நீங்க ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? யாராவது எனக்குச் சொல்லுங்க. அக்டோபர்ல வாங்குன பெட்டி, ஏன் ஒரு மாசமா வீட்டுக்கு வராம இங்கயே நிக்குது?

— பூட்டுக்கு நம்பர் போட முடியல கொரீன். ஆறு இலக்கம் வேணும், ரெண்டு பேரும் சாகற வரைக்கும் மறக்காத ஒரு தேதியாப் பாத்துப் போடுன்னு ஆர்லீன் சொன்னாங்க. ஜூன் மாசம்னு நானே விரல் விட்டு எண்ணி வச்சிருக்கேன், நாள் என்னைக்குன்னு நீதான சொல்லணும்.