மிடாஸ் மன்னனின் மரு

வெனிஸ் நகரம், சான் போலோ வட்டாரம், மீன்சந்தைப் பின்தெருவில் குடியிருக்கும் லூனார்தோ மகன் பெர்னாபோ, வயது 43, செம்புத் தகட்டில் சித்திரம் செதுக்கி அச்சடிப்பவன், விசாரணையில் சொன்னது:

என் தகட்டை உருக்கவும், ஐந்து வருஷம் நான் தொழில் செய்யாமல் தடுக்கவும் கேட்டு கனவான் கிரிசோகொனோ கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. படத்தில் இருப்பது அவர் இல்லை. என் மனைவியின் தம்பி தோனின்.

பாட்டுப் போட்டியில் அப்பல்லோ தேவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிக் கழுதைக் காது வாங்கிக்கொண்ட மிடாஸ் மன்னனைச் செதுக்க, போன பிப்ரவரியில் மேற்படி தோனினை உட்காரவைத்தேன். அவன் மத்தி மீன் விற்பவன். கத்திரிக்காய் மூக்கு, வலக்கன்னத்தில் மரு. “மச்சான், காதை மட்டும் கொஞ்சம் சின்னதா போடுங்க, பொண்ணு வீட்டுல பாத்துருவாங்க” என்றான். ஜாடியில் ஒயின் இருக்கும்வரைதான் உட்காருவான் என்பதால், அவசரத்தில் இடம் வலம் மாற்றாமல், பார்த்தபடியே தகட்டில் செதுக்கிவிட்டேன். அச்சில் எல்லாம் திரும்பிவிட்டது. அப்பல்லோ இடக்கையால் யாழ் மீட்டினார்; அதை ஒருவரும் குறை சொல்லவில்லை. மரு இடக்கன்னத்துக்குப் போனதுதான் வினையாயிற்று. கனவானுக்கும் அதே மூக்கு, இடக்கன்னத்தில் மரு.

படம் விற்பனைக்கு வந்தபிறகு மீன்சந்தையில் அவரைக் கண்டால் கழுதை மாதிரி கத்தினார்களாம். அவர் என் கடைக்கு வந்து படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “எனக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? ஜாடையே இல்லியே. இருந்தாலும் இந்தப் பயலுக வாயை மூடணும், மாத்திரு” என்று தன்மையாகவே சொன்னார். நான் நெகிழ்ந்துபோய், பதினெட்டு நாள் பாடுபட்டுப் புதுத் தகடு செதுக்கி, மருவை வலக்கன்னத்துக்குக் கொண்டுவந்து, முதல் அச்சை அவர் வீட்டுக்கே எடுத்துப்போனேன். பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

“அடப்பாவி, இது நானேதான்டா. தினம் காலையில கண்ணாடியில பாக்குற மூஞ்சி எனக்குத் தெரியாதா?” என்றார். அன்றே புகார் கொடுத்தார்.

“கழுதை நான்தான்” என்று கனவான் எழுதிக் கொடுத்திருக்கிறார். “கழுதை நானில்லை” என்று தோனின் மாதா கோயிலில் சத்தியம் செய்கிறான், அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். நடுவில் என் பிழைப்பு போகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.

புகார் வந்தபின், தங்கள் உத்தரவுப்படி மருவையே சுரண்டி எடுத்துவிட்டு அடித்த மூன்றாம் அச்சை இன்று இங்கே காட்டினேன். அதைப் பார்த்த எழுத்தர், தலைநிமிர்ந்து விசாரணை அதிகாரியான தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இருமியதற்கு நான் பொறுப்பல்ல.

சொன்னதைச் சொன்னபடி எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்டு, அத்தனையும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பெர்னாபோ